கோடு போட்டால் கடை திறக்குமா?

மாமல்லபுரத்துக்குள் நுழைந்தால் முதலில் நம்மை வரவேற்பது கடலோசை அல்ல, கல்லோசை! சாலையின் இருமருங்கிலும் பட்டறைகள். கொட்டகையின் கீழே, தலைமுதல் கால்வரை வெண்புழுதி பூசியபடி உழைப்பாளர்கள். உளியின் ஓசை ஒருபுறம், மின்சாரத்தில் சுழலும் கிரைண்டரின் கூச்சல் மறுபுறம். பாதி பிறந்த யானை, முகம் இன்னும் வராத புத்தர், கால் மட்டும் கல்லுக்குள்ளேயே சிக்கிக் கிடக்கும் நடனமங்கை. இத்தனைக்கும் நடுவே ஒரு பெரியவர், காவியைத் தோய்த்துக் கருங்கல்லின் மீது கோடு இழுத்துக்கொண்டிருந்தார்.

"கோடு சரியா இருந்தாத்தான் தம்பி, உளிக்கு வழி தெரியும்" என்றார், நம்மை நிமிர்ந்து பார்க்காமலே.

நாம் அங்கே சென்றது சிலை வாங்க அல்ல. சிலை வாங்கும் அளவுக்கு எழுத்துத் தொழில் நமக்குப் படி அளக்கவில்லை! பெரியவருடைய தங்கை மகன், சிறுசேரியிலே கணிப்பொறி வேலை பார்க்கும் இளைஞர். நமது கூட்டங்களில் பின்வரிசையில் நின்று கேட்டுவிட்டு, பிறகு வந்து வாதாடுகிறவர். "மாமா ஒரு கோடு போட்டிருக்கிறார், கல்லிலே அல்ல, காகிதத்திலே. வந்து பாருங்கள்" என்று அழைத்தார். போனோம்.

மாதக் காலண்டரில் கிழித்த ஏடு. அதன் பின்புற வெண்மையிலே பென்சில் கோடுகள். அளவுகோல் வைக்காமலே நூல் பிடித்தாற்போல் நேராக ஓடும் கோடுகள். நாற்பதாண்டுக் காலம் கல்லிலே பழகிய கை அல்லவா! மேலே பட்டறையின் பெயர். அதன் கீழே மூன்று சதுரங்கள், ஒவ்வொன்றிலும் குறுக்கே இரண்டு கோடுகள். இங்கே சிலையின் படம் வரவேண்டும் என்று பொருளாம். ஒவ்வொரு சதுரத்தின் அடியிலும் உயரம், எடை, விலை என்று மூன்று சொற்கள். எல்லாவற்றுக்கும் கீழே ஒரு நீளப் பெட்டி, அதற்குள் "பேச" என்று ஒரே ஒரு சொல்.

"இது என்ன ஐயா?" என்றோம்.

"என் கடை. நெட்டுல திறக்கணும்."

அவர் வேதனை புதிதல்ல. செதுக்குகிறவன் ஒருவன், விற்கிறவன் இன்னொருவன். ஆறு மாதம் வெயிலிலே வாடியவனுக்குக் கூலி, ஆறு நிமிடம் பேசியவனுக்கு இலாபம்! சிலை கடல் கடந்து போகும், யாருடைய வீட்டுக் கூடத்திலேயோ நிற்கும். செதுக்கியவன் பெயர் மட்டும் அந்தக் கூடத்துக்குப் போகாது. மாமல்லபுரத்துக் கற்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. ஊரின் பெயருக்குக் காப்பு வந்துவிட்டது. உளி பிடித்தவன் பெயருக்கு? அதைத்தான் அவர் காகிதத்திலே வரைந்திருந்தார்.

மருமகன் கைபேசியை எடுத்தார், தாளைப் படம் பிடித்தார், செயற்கை அறிவுப் பொறி ஒன்றிடம் கொடுத்தார். "இதை வேலை செய்யும் இணையப் பக்கமாக்கித் தா" என்று ஒரு வரி எழுதினார். எதிரே இருந்த கடையிலிருந்து தேநீர் வந்து, அது ஆறுவதற்குள் பக்கம் எழுந்து நின்றது! மேலே பெயர், கீழே மூன்று கட்டங்கள், அடியிலே ஒரு பொத்தான். தொட்டால் அசைகிறது, அழுத்தினால் பதில் சொல்கிறது.

பெரியவர் திரையைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், பிறகு நம்மைப் பார்த்தார்.

"ஏன் தம்பி, கோடு போட்டாக் கடை திறந்துடுமா?"

நாம் பள்ளிப் படிப்போடு நின்றவர்கள். மேடையிலே கேள்வி வந்தால் மடக்கிப் பேசத் தெரியும். இந்தக் கேள்விக்கு மடக்குப் பேச்சு உதவாது என்று தோன்றியது. ஆகவே தெரிந்தவர்களைத் தேடிக் கேட்டோம், படித்தோம், பிறகுதான் பேனாவைத் தொட்டோம்.

2023ஆம் ஆண்டு மார்ச் 14ஆம் நாள். அமெரிக்க நாட்டு ஓப்பன் ஏ.ஐ. நிறுவனம், ஜி.பி.டி.-4 என்னும் பொறியை உலகறியக் காட்டிய நாள் அது. அந்நிறுவனத்தைச் சேர்ந்த கிரெக் பிராக்மன் ஒரு குறிப்பேட்டைக் காட்டினார். அதிலே கிறுக்கலாக ஒரு படம். என் நகைச்சுவைத் தளம் என்று ஆங்கிலத்திலே தலைப்பு. கீழே, துணுக்கு இருக்க வேண்டிய இடம். அதற்கும் கீழே, அழுத்தினால் துணுக்கின் விடையைக் காட்டும் பொத்தான். படம் பிடித்துக் கொடுத்தார். பொறி வரிவரியாக எழுதித் தந்தது. எழுதியதை எடுத்து உரிய இடத்தில் ஒட்டினார், பக்கம் திறந்தது. பொத்தானை அழுத்தினார், விடை வந்தது. பார்த்தவர்கள் வியந்தனர்.

படம் கொடுத்துக் கேட்கும் அந்த வசதி பொதுமக்கள் கைக்கு அன்றே வந்துவிடவில்லை. அதே ஆண்டு செப்டம்பர் இறுதியிலேதான் வரத் தொடங்கியது. நவம்பரில் டி.எல்.டிரா என்னும் லண்டன் நிறுவனம், திரையிலேயே வரைந்து ஒரு பொத்தானை அழுத்தினால் வரைந்தது வேலை செய்யும் பக்கமாக மாறும்படி ஒரு வழி செய்தது. இன்று இது வேடிக்கையல்ல, வழக்கம்.

திடீரென்று முளைத்த அற்புதம் என்று எண்ணிவிடாதீர்கள், தோழர்களே! அற்புதம் என்றாலே நமக்குக் கொஞ்சம் அலர்ஜி. காரணம் கேட்டுப் பழகியவர்கள் நாம். 1963ஆம் ஆண்டிலேயே, அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஐவன் சதர்லாந்து என்ற ஆராய்ச்சி மாணவர், அறையை அடைத்துக்கொண்டு நின்ற கணிப்பொறி ஒன்றின் திரையிலே ஒளிப்பேனாவால் கோடு போட்டுக் காட்டினார். போட்ட கோட்டைப் பொறி புரிந்துகொண்டது. கோணல் கோட்டை நேராக்கு என்றால் நேராக்கியது. தொண்ணூறுகளில் ஜேம்ஸ் லேண்டே என்பவர் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்திலே, கையால் வரைந்த கட்டங்களைப் பொத்தான் என்றும் பெட்டி என்றும் அடையாளம் காணும் கருவி செய்தார். 2000ஆம் ஆண்டையொட்டி, பெர்க்கிலியிலே அவரும் அவர் துணைவர்களும் இணையதளத்தையே கிறுக்கலாக வரைந்து திட்டமிட ஒரு கருவி கண்டனர். 2017இல் கோபன்ஹேகனில் டோனி பெல்ட்ரமெல்லி, திரைப் படத்தைக் கொடுத்தால் நிரல் எழுதும் முறையொன்றை வெளியிட்டார். 2018இல் மைக்ரோசாப்ட் நிறுவனமும் கைவரைவைப் பக்கமாக்கும் கருவியொன்றைக் காட்டியது. அறுபதாண்டு உழைப்பு! ஒருவர் போட்ட கோட்டின் மேல் இன்னொருவர் போட்ட கோடு.

சரி, பொறி எப்படிப் பார்க்கிறது? இதைப் புரிந்துகொள்ள மாமல்லபுரத்தைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது.

அங்கே முழுமை பெற்ற சிற்பங்களைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். நாம் முடியாதவற்றைப் பார்க்கச் சொல்கிறோம். அருச்சுனன் தபசு என்று மக்கள் அழைக்கும் பெரும்பாறைச் சிற்பத்தின் முன் எந்நேரமும் கூட்டம். அதே காட்சியை இன்னொரு பாறையிலே தொடங்கி, நடுவழியில் விட்டுவிட்ட சிற்பம் ஒன்றும் அவ்வூரிலேயே இருக்கிறது. அங்கே ஈ காக்கை இல்லை! பிடாரி ரதங்கள், வலையன்குட்டை ரதம் ஆகியவையும் முடியாமல் நிற்பவையே. முடியாத குடைவரைகளிலே பல்லவர் காலத்துத் தொழிலாளியின் வேலைமுறை அப்படியே உறைந்து கிடக்கிறது. பாறை முகத்தைச் சதுரம் சதுரமாகக் கோடு பிளந்து, பிறகு ஒவ்வொரு கட்டியாக உடைத்து எடுத்திருக்கிறான். ரதங்களையோ மேலிருந்து கீழாகச் செதுக்கியிருக்கிறான், அதனால்தான் உச்சி முடிந்திருக்கும்போது அடி முடியாமல் இருக்கிறது.

இன்றைய பொறிகள் பலவும் படத்தை அதே போலச் சதுரம் சதுரமாக வெட்டித்தான் பார்க்கின்றன. ஒவ்வொரு சிறு கட்டமும் எண்களின் வரிசையாகிறது. எந்தக் கட்டத்துக்கு எந்தக் கட்டம் உறவு என்று கணக்கிடுகிறது. உலகெங்கும் மனிதர்கள் எழுதிவைத்த கோடிக்கணக்கான பக்கங்களையும் அவற்றின் நிரல்களையும் வைத்துப் பழக்கப்பட்ட பொறி அது. இப்படிக் கோடு இருந்தால் அடுத்து என்ன வருவது வழக்கம் என்று மதிப்பிட்டு, துண்டு துண்டாக எழுதிக்கொண்டே போகிறது. பக்கத்தின் எலும்புக்கு எச்.டி.எம்.எல்., உடைக்கும் நிறத்துக்கும் சி.எஸ்.எஸ்., அசைவுக்கு ஜாவாஸ்கிரிப்ட். மூன்றையும் சேர்த்தால் பக்கம்.

"வழக்கம்" என்ற சொல்லைக் கவனியுங்கள். வினை அங்கேதான் இருக்கிறது.

பெரியவரின் பக்கத்துக்குத் திரும்புவோம். முதல் வியப்பு அடங்கியதும் அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படிக்க ஆரம்பித்தார். மூன்றடிச் சிலை என்று தாளில் எழுதியிருந்தார், எடைக்கு எதிரே இடம் விட்டிருந்தார். அந்த இடத்திலே பொறி தானாக ஓர் எண்ணை நிரப்பியிருந்தது: 12 கிலோ!

பெரியவர் சிரித்த சிரிப்பு பக்கத்துப் பட்டறை வரை கேட்டிருக்கும். "பன்னெண்டு கிலோவா? என் பேரனே அதைவிட கனம்டா!" கருங்கல் ஒரு கன அடி ஏறத்தாழ 75 கிலோ. மூன்றடி உயரம், ஓரடி அகலம், ஓரடி கனம் என்று எடுத்தால் கட்டை கல்லே 225 கிலோ. செதுக்கிக் கழித்தது போக நூறு கிலோவுக்குக் குறையாது. 12 கிலோ என்று நம்பி வெளிநாட்டுக்காரர் அனுப்புகூலி கட்டிவிட்டால், மீதியை யார் கட்டுவது? கப்பல்காரரா? பொறி செய்தவரா? பட்டறைதான் கட்டவேண்டும்.

அடுத்தது விலை. பெரியவர் பள்ளியில் படித்த நாளிலே லை என்ற எழுத்துக்குத் துதிக்கை உண்டு. அந்தப் பழைய வடிவத்தைத் தந்தை பெரியார் 1935லேயே தமது ஏட்டில் விட்டொழித்தார். அரசு ஆணை 1978இல்தான் வந்தது. அதற்கு முன் எழுதப் பழகிய கை, இன்றும் பழைய வழக்கப்படியே எழுதுகிறது. பொறிக்கு அது புரியவில்லை. "விலை" என்பதை "விவரம்" என்று படித்துவிட்டது. படித்ததோடு நிற்கவில்லை, விவரத்தையும் தானே எழுதிவிட்டது: "எந்திரத்தால் நேர்த்தியாகச் செதுக்கப்பட்டது." பெரியவரின் சிரிப்பு நின்றது. அந்த வரியை இரண்டாம் முறை படித்தார். ஒன்றும் பேசவில்லை.

மூன்றாவதுதான் பெரிய கோளாறு. கீழேயிருந்த பெட்டியிலே "பேச" என்று எழுதியிருந்தாரே, அது மறைந்துவிட்டது! அதற்குப் பதிலாக "இப்போதே வாங்குங்கள்" என்றொரு சிவப்புப் பொத்தான், பக்கத்திலே 4,999 ரூபாய். ஏன்? மற்றக் கடைப்பக்கங்களில் அதுதான் வழக்கம்! இந்தப் பட்டறையின் வழக்கமோ வேறு. வாங்குகிறவரோடு பேச வேண்டும். எந்தக் கல், எத்தனை அடி, நிற்கும் கோலமா அமர்ந்த கோலமா, வீட்டுக்குள்ளா வெளியிலா என்று கேட்க வேண்டும். பிறகுதான் விலை. அந்தத் தொழிலின் உயிரே அந்த ஒரு சொல்லில் இருந்தது. அதைத்தான் பொறி துடைத்துவிட்டது.

கிரெக் பிராக்மனின் குறிப்பேட்டை இப்போது நினைத்துப் பாருங்கள். அதிலும் துணுக்கு எழுதப்படவில்லை, இடம் மட்டும்தான் விடப்பட்டிருந்தது. துணுக்கையும் பொறியே நிரப்பியது. நகைச்சுவைத் தளம், ஆகவே யாருக்கும் நட்டமில்லை, எல்லோரும் கைதட்டினார்கள். அதே கெட்டிக்காரத்தனம் கல்லின் எடையையும் கூலியின் அளவையும் மருந்தின் அளவையும் நிரப்பினால்? வெற்றிடம் கண்டால் நிரப்புவது அதன் இயல்பு. எந்த வெற்றிடத்தை நிரப்பலாம், எதைத் தொடக்கூடாது என்பது தாளில் இல்லை. பெரியவர் நெஞ்சிலே இருக்கிறது.

இன்னொன்று. தாளில் வரைவது திரைக்கு முன்னே இருப்பதை மட்டும். நம் நாடகக்காரத் தோழர்களுக்கு இது நன்றாக விளங்கும். அரண்மனை வரைந்த படுதா ஒன்று தொங்கினால் மக்கள் கண்ணுக்கு அரண்மனை. படுதாவின் பின்னே விளக்குக்காரன், ஒப்பனைக்காரன், வசனம் எடுத்துக் கொடுப்பவன், வசூலைக் கணக்கு வைப்பவன். அவர்களில் ஒருவன் வராவிட்டாலும் அரண்மனை வெறும் துணி! பொத்தானை அழுத்தினால் செய்தி யாருக்குப் போகிறது? எங்கே சேமிக்கப்படுகிறது? ஒரே சிலையை இரண்டு பேர் ஒரே நேரத்தில் கேட்டால் யாருக்கு? பணம் வந்து சேராமல் "சேர்ந்தது" என்று காட்டினால்? வாங்குகிறவருடைய முகவரியும் தொலைபேசி எண்ணும் களவு போகாமல் காப்பவர் யார்? தனிமனிதத் தகவலைக் காக்க 2023இல் இந்தியாவில் சட்டமே இயற்றப்பட்டுவிட்டது, பட்டறைக்காரருக்கு அது தெரியுமா? காலண்டர் தாளிலே இவற்றில் ஒன்றுக்கும் கோடு இல்லை. அன்று எழுந்து நின்ற பக்கம், பார்வைக்குக் கடை, உள்ளே போனால் படுதா. மருமகன் அதை மறைக்கவில்லை. "மாமா, இது முகப்புதான். பின்கட்டு கட்ட எனக்கு இன்னும் மூன்று ஞாயிற்றுக்கிழமை வேண்டும்" என்றார். நேர்மையான பிள்ளை.

ஆகவே பயனில்லை என்று சொல்கிறோமா? இல்லவே இல்லை! கல்லிலே தவறு செய்தால் அழித்து எழுத முடியாது. மூக்கு உடைந்தால் உடைந்ததுதான், ஒரு மாத உழைப்பு ஓர் அடியில் போகும். தாளிலே தவறு செய்தால் இழப்பு ஒரு தாள். அந்தத் தாளை உடனே அசையும் பக்கமாக்கிப் பார்த்தால், தவறு எங்கே என்று தேநீர் ஆறுவதற்குள் தெரிந்துவிடுகிறது. முன்பெல்லாம் இப்படி ஒரு முகப்பு வேண்டுமென்றால், தெரிந்த ஒருவரிடம் கைகட்டி நின்று, நம் தேவையை அவர் பாஷையிலே சொல்லத் தெரியாமல் விழித்து, அவர் செய்து கொடுத்ததை வாங்கிக்கொண்டு வரவேண்டும். பூட்டு அவரிடம், சாவியும் அவரிடம். இன்று பென்சில் பிடித்தவன், "நான் கேட்டது இதுவல்ல, இது" என்று சொல்ல வாய் கிடைத்திருக்கிறது. படிக்காதவனுக்கு எழுத்து எட்டாக்கனியாக வைக்கப்பட்டிருந்த நாட்டிலே, இது சின்ன விஷயமா?

ஆனால் எந்த மொழியிலே சொல்வது? இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டியிருக்கிறது.

இணையத்தில் தமிழ் தானாக வந்து உட்கார்ந்துவிடவில்லை. சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி என்ற தமிழர் 1995லேயே தமிழை இணையத்தில் ஏற்றிக் காட்டினார். 1999இல் மறைந்தும் போனார். அவர் பெயரை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவார்கள்? 1999 பிப்ரவரியில் சென்னையிலே தமிழ் இணைய மாநாடு கூடியது. ஆளுக்கொரு எழுத்துரு, ஊருக்கொரு விசைப்பலகை என்று கிடந்த குழப்பத்துக்கு ஓர் ஒழுங்கு தேடி, தமிழ்99 விசைப்பலகை வந்தது. 2001இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் பிறந்தது. இன்று அது தமிழ் இணையக் கல்விக்கழகம். அக்காலத்திலே ஒரு தமிழ்ப் பக்கத்தைத் திறந்தால் கட்டம் கட்டமாகத் தெரியும். "எங்கள் எழுத்துருவை இறக்கிக்கொள்க" என்று வாசலிலேயே நிறுத்துவார்கள். யூனிகோடு பரவிய பிறகே அந்தத் தொல்லை தீர்ந்தது.

தீர்ந்ததா? புதிய பொறிகளிலே புதிய வரி ஒன்று முளைத்தது. அவை எழுத்தைத் துண்டுகளாக வெட்டிப் படிக்கின்றன, துண்டின் எண்ணிக்கைக்குத்தான் கட்டணம். ஓப்பன் ஏ.ஐ. நிறுவனமே 2024 மே மாதம் ஒரு கணக்கு வெளியிட்டது. ஒரே சிறு செய்தி. ஆங்கிலத்திலே சொன்னால் பழைய முறையில் 27 துண்டு. தமிழிலே சொன்னால் 116 துண்டு! நான்கு மடங்குக்கு மேல்! தமிழன் பேசினால் நான்கு பங்கு கட்டணம் என்று எந்தச் சட்டசபையும் தீர்மானம் போடவில்லை. ஆங்கிலத்தை அளவாக வைத்துத் தைத்த சட்டை, அவ்வளவுதான். புதிய முறையில் தமிழுக்கு 35 துண்டு, ஆங்கிலத்துக்கு 24 என்று குறைத்திருப்பதாக அதே கணக்கு சொன்னது. குறைத்தது நல்லது, வரவேற்கிறோம். 35க்கும் 24க்கும் நடுவே இன்னும் 11 நிற்கிறதே, அதையும் எண்ணிக்கொண்டுதான் இருக்கிறோம்! துதிக்கை வைத்த லை புரியாததும் இதே கதைதான். நம் பெரியவர்களின் கையெழுத்தைப் போதிய அளவு காட்டிப் பழக்காதவரை பொறிக்கு அது கிறுக்கல்தான். அந்தக் கையெழுத்தைத் திரட்டித் தரும் வேலையை அயல்நாட்டான் செய்வான் என்று காத்திருக்கலாமா?

உடைமைக் கணக்கையும் பார்த்துவிடுவோம். தாளும் பென்சிலும் பெரியவருடையவை. பக்கம் எழுதும் இலக்கணம் உலகத்தார் உடைமை. டிம் பெர்னர்ஸ் லீ கண்ட வலையை, ஜெனீவாவின் செர்ன் ஆராய்ச்சிக்கூடம் 1993 ஏப்ரல் 30இல் யாரும் காசு கொடுக்காமல் பயன்படுத்தலாம் என்று பொதுவாக்கிவிட்டது. இரண்டுக்கும் நடுவே நிற்கும் பொறி மட்டும் விரல்விட்டு எண்ணத்தக்க நிறுவனங்களின் கையில். இறக்கிக்கொண்டு சொந்தக் கணிப்பொறியிலேயே ஓட்டத்தக்க பொறிகளும் வந்திருக்கின்றன என்பது ஆறுதல். நம் ஊர்க் கல்லூரிகள் அந்தப் பக்கம் கொஞ்சம் பார்வையைத் திருப்பினால் தேவலாம்.

மருமகனைப் பற்றிச் சொல்லாவிட்டால் கட்டுரை பொய்யாகிவிடும். ஏனென்றால் மாமனுக்குத் திறந்த கதவு, மருமகனுக்கு மூடும் கதவாகுமோ என்பதுதான் அன்று மாலை கடற்கரையிலே அவர் நம்மிடம் கேட்டது.

சென்னையிலிருந்து தெற்கே வரும் அந்தப் பெருஞ்சாலைக்குப் பழைய மாமல்லபுரம் சாலை என்று பெயர். கல்லுடைத்தவன் ஊரின் பெயரைத் தாங்கிய சாலையிலேதான் கண்ணாடி மாளிகைகள் எழுந்தன. அங்கே சிறுசேரியில் சிப்காட் பூங்கா. வேறு சாலையிலே, செங்கற்பட்டுக்கு அருகே பரனூரில் மகேந்திரா நகரம், கூடுவாஞ்சேரிப் பக்கம் சோகோ நிறுவனம். உழவன் மகனும் நெசவாளி மகளும் அந்த மாளிகைகளுக்குள் நுழைந்தார்கள். கல்லூரி வாசலை மிதிக்காத பிள்ளைகளையும் எடுத்துப் பயிற்றுவித்து வேலை கொடுக்க முடியும் என்பதைச் சோகோவின் பள்ளி இருபதாண்டுகளாகக் காட்டி வருகிறது. அப்படி நுழைந்தவர்களில் பலருக்கு முதல் வேலை என்ன தெரியுமா? வடிவமைப்பாளர் வரைந்து கொடுத்த படத்தைப் பார்த்து அதே போலப் பக்கம் எழுதுவது! இன்று தேநீர் ஆறுவதற்குள் பொறி செய்கிறதே, அதே வேலை. ஏணியின் முதல் படி அது.

2025 ஜூலையில் டாட்டா கன்சல்டன்சி நிறுவனம் தன் பணியாளரில் 2 விழுக்காட்டினரை, அதாவது 12,000க்கும் மேற்பட்டோரைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. காரணம் செயற்கை அறிவு அல்ல, திறனும் பணியும் பொருந்தாமையே என்றது நிர்வாகம். நாம் வழக்காட வரவில்லை. வேலை இழந்த வீட்டிலே உலை எரிவதற்குக் காரணத்தின் பெயர் உதவாது என்று மட்டும் சொல்லி வைக்கிறோம்.

அச்சுக் கோப்பவர்களை நினைவிருக்கிறதா, மூத்த தோழர்களே? ஈய எழுத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, தலைகீழாகப் படித்து, விடிய விடிய நின்று நமது ஏடுகளைக் கொண்டுவந்த கைகள் அவை. கணிப்பொறி வந்தது, ஈயம் போயிற்று. விசைப்பலகை கற்றுக்கொண்டவர் சிலர் பிழைத்தனர். வயது ஏறிய பலர் வீட்டுக்குப் போயினர். ஏடு அழகாயிற்று என்று மகிழ்ந்தோம். அவர்களைக் கற்பித்து அழைத்துச் செல்ல நாம் எவ்வளவு செய்தோம்? அந்தக் கணக்கு இன்னும் பாக்கி.

இளைஞரிடம் நாம் கேட்டது இதுதான். "அந்த 12 கிலோவை உங்கள் அலுவலகத்திலே யாராவது பிடித்திருப்பார்களா?" அவர் யோசித்தார். "கல்லைத் தூக்கியவன்தான் பிடிப்பான்" என்றார். "நானே பிடித்திருக்க மாட்டேன். மாமா சிரித்த பிறகுதான் எனக்கு உறைத்தது." சங்கம் வைத்துப் பேச வேண்டியது இந்த இடத்தில்தான் என்று நமக்குப் படுகிறது. முதல் படியைப் பொறி எடுத்துக்கொண்டால், இரண்டாம் படியில் ஏற நிறுவனத்தின் செலவிலே, வேலை நேரத்திலே கற்றுத்தர வேண்டும். எழுதியதைச் சரிபார்ப்பதும் வேலைதான், அதற்கும் கூலியும் நேரமும் உண்டு என்று ஒப்பந்தத்திலேயே ஏற வேண்டும். அந்தச் சாலையிலே சங்கம் வளர்வதற்கு எத்தனை தடை என்பதும் நமக்குத் தெரியும். தடை இல்லாத சாலையில் நாம் எப்போது நடந்தோம்?

இருட்டுமுன் பட்டறைக்குத் திரும்பினோம். பெரியவர் காலண்டரில் இன்னொரு மாதத்தைக் கிழித்து வைத்திருந்தார். அதே மூன்று சதுரம், ஆனால் இம்முறை வெற்றிடம் எதுவும் இல்லை. எடைக்கு எதிரே "கல்லை நிறுத்த பிறகு சொல்லப்படும்". விலைக்கு எதிரே "பேசி முடிவு செய்யப்படும்", லைக்குத் துதிக்கை இல்லாமல், கொஞ்சம் தயங்கி எழுதிய புது லை. ஒவ்வொரு படத்தின் கீழும் செதுக்கியவர் பெயருக்கு ஒரு கோடு, பட்டறையில் வேலை பார்க்கும் மூவருக்கும் தனித்தனியே. "பேச" என்ற சொல்லை இரண்டு முறை அழுத்தி எழுதி, சுற்றிலும் கட்டம் போட்டிருந்தார். தாளின் ஓரத்திலே, பக்கத்தில் வரவேண்டாத குறிப்பாக இன்னொரு வரி: எந்திரம் என்ற சொல் எங்கும் வரக்கூடாது.

"பாதிப் பணம் வந்தாத்தான் கல்லுல கை வைப்போம். அதையும் போடணும். இதெல்லாம் கேக்குமாடா அது?" என்றார்.

"எழுதினா கேக்கும் மாமா. எழுதலேன்னாத்தான் அதுவா ஏதாவது சொல்லும்."

பெரியவர் பென்சிலைப் பார்த்தார். முனை மழுங்கியிருந்தது. பக்கத்தில் கிடந்த சிற்றுளியை எடுத்து, அதைச் சீவத் தொடங்கினார்.